கம்ப்யூட்டர் வேலையும் குடும்ப நலமும்

(வேங்கிக்கால் தம்பதியர் கூட்டத்தில் பேசியது)



குடும்ப நலம் என்று சொன்னதும் உங்களில் பலருக்குச் சிவப்பு முக்கோணம்தான் ஞாபகத்துக்கு வரும். அளவான குடும்பம், பிள்ளைக்குப் பிள்ளை போதிய இடைவெளி, தாய்க்கு இரும்புச்சத்து மாத்திரை, குழந்தைக்குத் தடுப்பூசி என்று பல ஆண்டுகளாக உங்களிடம் சொல்லி வருகிறோம். நீங்களும் கேட்டு நடந்தீர்கள். அளவாகப் பெற்றீர்கள். பெற்றதைக் கடன் வாங்கியாவது படிக்க வைத்தீர்கள். படித்த பிள்ளை இன்று எங்கே இருக்கிறது? சென்னையில் தரமணியிலும் சிறுசேரியிலும் இருக்கிறது. பெங்களூரில் எலக்ட்ரானிக் சிட்டியிலும் ஒயிட்ஃபீல்டிலும் இருக்கிறது. அந்தப் பிள்ளையின் உடம்பையும் மனசையும் விட்டுவிட்டுக் குடும்ப நலம் பேச முடியாது. ஆகவே இன்றைய பேச்சு கம்ப்யூட்டர் வேலையைப் பற்றியது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். தரமணியில் டைடல் பார்க் 2000-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதற்குப் பிறகு பழைய மகாபலிபுரம் சாலை நெடுகக் கம்ப்யூட்டர் கம்பெனிகள் எழும்பின. மல்லாட்டை போட்டு, மழையை நம்பி, வட்டி கட்டியே தேய்ந்துபோன எத்தனையோ வீடுகளுக்கு அந்த வேலையால் விடிவு பிறந்தது. ஓட்டு வீடு மாடி வீடாயிற்று. அடகில் கிடந்த நகை திரும்பி வந்தது. பெண் பிள்ளைகள் சொந்தக் காலில் நிற்கிறார்கள். இதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் எந்த வரவுக்கும் ஒரு செலவு உண்டு. மாதச் சம்பளம் எவ்வளவு என்று நமக்குத் தெரியும். அதற்காகப் பிள்ளை என்ன கொடுக்கிறது என்பது நமக்குத் தெரிவதில்லை.

"ஏசி ரூம்ல நாற்காலியில உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே! வெயிலா, மழையா, சேறா?" என்று கேட்கிறோம். கேட்பது நியாயம்தான். ஆனால் அந்த வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம்.

இந்தக் கம்பெனிகளில் பலவற்றுக்கு வேலை கொடுக்கிறவர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள். நியூயார்க்கின் கடிகாரம் நம் கடிகாரத்துக்கு ஒன்பதரை மணி முதல் பத்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. இங்கே மாலை 7 மணிக்கு நாம் விளக்கேற்றும்போது அங்கே பொழுது விடிந்து ஆபீஸ் திறக்கிறார்கள். அவர்களோடு பேச வேண்டும் என்றால் நம் பிள்ளை ராத்திரியில்தான் உட்கார வேண்டும். காலையில் ஒரு கூட்டம், ராத்திரியில் ஒரு கூட்டம், இடையில் வேலை என்று ஒரே நாள் இரண்டு நாளாகிவிடுகிறது. நம் உடம்பு சூரியனைப் பார்த்துப் பழகியது. வெளிச்சம் வந்தால் விழிக்கும், இருட்டினால் உறக்கம் கேட்கும். மாதக்கணக்கில் அதை மாற்றிப் போட்டால் செரிமானம் கெடும், இரத்த அழுத்தம் ஏறும், சின்னச் சொல்லுக்கும் கோபம் வரும்.

ஆண்டுக்கு ஒருமுறை மதிப்பெண் போடுவதும் உண்டு. பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி ஆளுக்கு ஆள் ஒப்பிட்டு, மேல் கீழ் என்று பிரிப்பார்கள். கையில் வேலை இல்லாமல் காத்திருக்கிற காலத்தைப் 'பெஞ்ச்' என்று சொல்லுகிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்தவனுக்குச் சம்பளம் வந்தாலும் நெஞ்சில் நிம்மதி இருக்காது. அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. நாட்டின் மிகப் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியான டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக 2025 ஜூலையில் அறிவித்தது. அதில் பெரும்பாலானவர்கள் நடுத்தர, மேல்நிலைப் பதவிகளில் இருப்பவர்கள் என்றும் சொன்னது. அந்த வயசில்தான் வீட்டுக் கடனும் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளமும் தலைமேல் இருக்கும்.

எவ்வளவு நேரம் உழைத்தால் முன்னேற்றம் என்று பெரியவர்களும் பேசுகிறார்கள். இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயணமூர்த்தி 2023-இல் சொன்னார். கட்டுமானத் துறையில் பெரிய கம்பெனியான எல் அண்ட் டி-யின் தலைவர் 90 மணி நேரம் என்றார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து மனைவியின் முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்ப்பீர்கள் என்று அவர் கேட்டது 2025 ஜனவரியில் நாடு முழுக்கப் பேச்சானது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 90 மணியை 7 நாளுக்குப் பிரித்தால் தினமும் ஏறக்குறைய 13 மணி நேரம். போக வர பஸ் பயணம் தனி. மிச்சத்தில் எப்போது தூங்குவது, எப்போது பிள்ளையைத் தூக்குவது?

மருத்துவம் என்ன சொல்லுகிறது? உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைக் காட்டிலும், 55 மணியும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் 35 விழுக்காடு அதிகம் என்றும், மாரடைப்பு போன்ற இதய நோயால் சாகும் அபாயம் 17 விழுக்காடு அதிகம் என்றும் அது கண்டது. 2016-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 7 லட்சத்து 45 ஆயிரம் பேர் இப்படி அதிக நேரம் உழைத்ததன் காரணமாகப் பக்கவாதத்தாலும் இதய நோயாலும் இறந்ததாக அது கணக்கிட்டது. இது சோம்பேறிகள் சொல்லும் சாக்கு அல்ல என்பதற்காகவே இந்தக் கணக்கைச் சொல்லுகிறோம்.

உடம்பைப் போலவே மனசும் ஓய்ந்துபோகும். இதற்கு ஆங்கிலத்தில் 'பர்ன் அவுட்' என்று பெயர். எண்ணெய் வற்றிய அகலில் திரி மட்டும் கருகுகிறதே, அந்த நிலைமை. வேலையிடத்து அழுத்தத்தால் வருவது இது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வகைப்படுத்தியது. இதற்கு மூன்று அடையாளம் சொல்லியிருக்கிறது: உடம்பிலும் மனசிலும் சத்தே இல்லாமல் போவது, செய்கிற வேலையின் மேல் வெறுப்பு வருவது, முன்பு சுலபமாகச் செய்த வேலையும் கைகூடாமல் போவது.

வீட்டில் இருக்கிற நாம் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? பிள்ளை போனில் இரண்டே வார்த்தையில் பேச்சை முடிக்கும். தீபத்துக்கும் பொங்கலுக்கும் வராமல் சாக்குச் சொல்லும். வந்தாலும் தூங்கிக்கொண்டே இருக்கும், அல்லது ராத்திரி முழுக்க விழித்திருக்கும். சாப்பாடு குறையும். குடிப்பழக்கம் புதிதாக வரும். "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற பேச்சு வரும். இதில் இரண்டு மூன்று சேர்ந்து பல நாள் நீடித்தால் 'திமிர் வந்துவிட்டது' என்று எண்ணாதீர்கள். நோவு என்று எண்ணுங்கள்.

இனி ஒரு முக்கியமான சங்கதி. கஷ்டப்படுகிற பிள்ளை ஏன் வாய் திறப்பதில்லை? ஒரு வீட்டை மனசில் வைத்துப் பார்ப்போம். அரை ஏக்கரை அடகு வைத்து மகனை இன்ஜினீயர் ஆக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் போன் செய்கிறான். அப்பா கேட்கிறார்: "இன்கிரிமெண்ட் எவ்வளவுப்பா போட்டாங்க?" அம்மா சொல்லுகிறாள்: "எதிர்வீட்டுப் பையன் அமெரிக்கா போறானாம் கண்ணு, உன்னை எப்ப அனுப்புவாங்க?" தங்கை கல்யாணப் பேச்சு வருகிறது. கட்டட மேஸ்திரிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி வருகிறது. வேலை போய் மூன்று வாரமாகிறது என்பதை அவன் எந்த இடத்தில் சொல்லுவான்? "எல்லாம் நல்லா இருக்கும்மா" என்று வைத்துவிடுகிறான். அப்பாவும் அம்மாவும் கெட்டவர்களா? இல்லை. பெருமையில் கேட்டார்கள். ஆனால் கம்பெனி ஏற்றிய பாரத்தின் மேல் வீடும் ஒரு மூட்டையை ஏற்றிவிட்டது.

ஏரியைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எவ்வளவு உறுதியான கரையாக இருந்தாலும், நிரம்பிய தண்ணீர் கோடி போக வழி வேண்டும். வழியில்லாவிட்டால் கரை உடையும். மனசும் அப்படித்தான். கவலையை இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடம் வீடாக இருக்க வேண்டும்.

தம்பதியருக்குத் தனியாகச் சில வார்த்தைகள். கணவன் பெங்களூரில், மனைவியும் கைக்குழந்தையும் இங்கே என்று பல குடும்பங்கள் இருக்கின்றன. சனிக்கிழமை விடியற்காலையில் செங்கம் வழியாக பஸ்ஸில் வந்து இறங்குகிறார். ஒரு நாள் தூக்கத்திலும் ஒரு நாள் போனிலும் போய்விடுகிறது. குழந்தை அப்பாவைப் பார்த்து அழுகிறது. இருவரும் உட்கார்ந்து பேசி, இந்த ஏற்பாடு எத்தனை வருஷத்துக்கு என்று ஒரு கெடு வையுங்கள். கெடு இல்லாத பிரிவு பழக்கமாகிவிடும்.

2020 ஊரடங்குக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்களும் பெருகிவிட்டார்கள். மருமகள் லேப்டாப் முன் உட்கார்ந்திருந்தால் "வீட்டிலதானே இருக்கா" என்று எண்ணி, அடுப்பும் துணியும் விருந்தாளியும் அவள் தலையிலேயே விழுகிறது. அவள் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கிறாள். மாமியார்மார்களே, அவள் கூட்டத்தில் பேசும் நேரத்தை ஆபீஸ் நேரமாகவே நினையுங்கள். கணவன்மார்களே, அவள் வேலை முடிக்கும்போது சாதம் வடித்து வைத்திருந்தால் உங்கள் கௌரவம் குறையாது.

சிலர் 'லோன் முடியட்டும், பிரமோஷன் வரட்டும்' என்று குழந்தையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறார்கள். இடைவெளி விடுவது உங்கள் உரிமை. ஆனால் வயசையும் கணக்கில் எடுத்து, டாக்டரைக் கேட்டு, இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். கம்பெனி முடிவு செய்ய வேண்டாம். 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு சட்டத்தின் வழியாக முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரச் சம்பள விடுப்பு கிடைத்தது. அதைக் கேட்டு வாங்கப் பயப்பட வேண்டியதில்லை.

நீங்கள் இன்றிலிருந்தே செய்யக்கூடியவை இவை:

ஒன்று. போனில் முதல் கேள்வி சம்பளமாக இருக்க வேண்டாம். "நேத்து ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தே? என்ன சாப்பிட்டே?" என்று கேளுங்கள். பதில் வரும் வரை பொறுமையாக இருங்கள்.

இரண்டு. அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அவரவர் நடையில் நடந்து, இளைத்தால் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துத்தான் சுற்றுகிறோம். முந்தியவனுக்கு அங்கே தனிப் பரிசு இல்லை.

மூன்று. முழுச் சம்பளத்தையும் நம்பிக் கடன் வாங்காதீர்கள். ஆறு மாதச் சாப்பாட்டுச் செலவுக்குப் பணம் ஒதுக்கிய பிறகு மாடி கட்டலாம். கடன் குறைந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான், தாங்க முடியாத வேலையை விட்டு வேறு தேடும் தைரியம் வரும்.

நான்கு. ஊருக்கு வந்தால் சத்து மாத்திரை கொடுப்பதைவிட இரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துவிடச் சொல்லுங்கள். முப்பது வயசுதானே என்று விட்டுவிடாதீர்கள்.

ஐந்து. நல்ல நாளிலேயே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: "வேலை போனா போகட்டும். வீடு இருக்கு, நாங்க இருக்கோம், வந்துடு." வேலை போன பிறகு சொல்லுவதைவிட முன்னமே சொல்லி வைத்த வார்த்தைக்குப் பலம் அதிகம். சொல்லாமலே பிள்ளைக்குத் தெரியும் என்று நினைக்காதீர்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. 'இருந்து என்ன பிரயோசனம்' என்ற பேச்சு வந்தால் அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, மனப்பாரம்தான் இறங்கும். அவரைத் தனியாக விடாதீர்கள். பூச்சி மருந்தைக் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் மனநல ஆலோசனை இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கும். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணும் உண்டு. திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல டாக்டரைப் பார்க்கலாம். மனநல டாக்டரிடம் போவது பைத்தியம் என்று அர்த்தமாகாது. காய்ச்சலுக்கு மருந்து போல இதற்கும் மருந்து உண்டு, குணமும் உண்டு. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல், மனவேதனையில் இருந்தவராகக் கருதிச் சிகிச்சை தர வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்லுகிறது. ஆகவே போலீஸுக்குப் பயந்து யாரும் மறைக்க வேண்டியதில்லை.

பிள்ளை சம்பாதித்துக் கொடுத்த வீட்டில் நீங்கள் நிம்மதியாகத் தூங்குகிறீர்கள். பிள்ளையும் தூங்க வேண்டும். இந்த வாரம் போன் வரும்போது முதல் கேள்வியை மாற்றிக் கேட்டுப் பாருங்கள்.