மகிழ்ச்சியில் பிறக்கும் சாட்சி

‘சாட்சி சொல்லுதல்’ என்பது தமிழ்த் திருச்சபைகளில் அன்றாடம் புழங்கும் சொல். இறைவன் தன் வாழ்வில் செய்த நன்மையைப் பிறர் கேட்கச் சொல்வதே சாட்சி. அதற்குத் துணிவு வேண்டும் என்பார்கள். அந்தத் துணிவைத் தருவது மகிழ்ச்சி.

யோவான் நற்செய்தியின் 4ஆம் அதிகாரத்தில் சமாரியப் பெண் ஒருத்தி, நண்பகல் வேளையில் யாக்கோபின் கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்க வருகிறாள். இயேசுவோடு பேசிய பிறகு, குடத்தைக் கிணற்றடியிலேயே வைத்துவிட்டு ஊருக்குள் போகிறாள். அவளை யாரும் அனுப்பவில்லை. தான் கண்டவரை ஊராரும் வந்து பார்க்க வேண்டும் என்ற ஆவல் ஒன்றே அவளைப் பேசவைத்தது. வந்த வேலையையே மறக்கச் செய்த மகிழ்ச்சி அது.

அதே மகிழ்ச்சியைத் தமிழ்ப் பாட்டில் வடித்தவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். 1774இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த அவரை, ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் சிறுவயதிலேயே தஞ்சைக்கு அழைத்து வந்து படிக்கவைத்தார். பின்னாளில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோஜியும் சுவார்ட்ஸ் ஐயரிடம் கற்றவரே.

அக்காலத்தில் தஞ்சை மக்கள் குறவஞ்சி நாடகங்களை விரும்பிப் பார்த்தார்கள். உலா வரும் தலைவன்மேல் தலைவி காதல் கொள்வாள். குறத்தி கைபார்த்துக் குறி சொல்வாள். குறவன் வலை விரித்துப் பறவை பிடிப்பான். சாஸ்திரியார் இந்த அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டு ‘பெத்லகேம் குறவஞ்சி’ இயற்றினார். அதில் தலைவன் கிறிஸ்து, தலைவி திருச்சபை, குறி சொல்பவள் விசுவாசம், விரிக்கும் வலை நற்செய்தி. கேட்பவருக்குப் பழகிய மெட்டில், பழகிய கதைப்போக்கில் வந்ததால், புதிய செய்தியும் வீட்டுப் பேச்சைப்போல் நெருக்கமாக ஒலித்தது.

1864இல் சாஸ்திரியார் மறைந்தார். அவருடைய கீர்த்தனைகள் தமிழ் ஆலயங்களில் இன்றும் பாடப்படுகின்றன.

இப்படிப் பேசும் மகிழ்ச்சிக்கு ஓர் அடக்கமும் உண்டு. நம்பிக்கையின் காரணத்தைக் கேட்பவருக்குச் சாந்தத்தோடு பதில் சொல்லுமாறு பேதுருவின் முதல் நிருபம் அறிவுறுத்துகிறது. சமாரியப் பெண்ணும் வாதாடவில்லை. வந்து பாருங்கள் என்றுதான் அழைத்தாள். ஊரார் வந்தார்கள்; அவள் சொல்லைக் கேட்டே பலர் நம்பினார்கள், இயேசுவின் பேச்சைத் தாங்களே கேட்ட பிறகு இன்னும் பலர் நம்பினார்கள். அழைப்பதோடு சாட்சியின் வேலை நிறைவடைகிறது.