கலகம் எசமானுக்கு, தோட்டா ஏழைக்கு



தங்களை எதிர்த்தவர்களைப் பற்றிய நாடகத்தை ஆள்பவர்களே கைதட்டிப் பார்ப்பார்களா? பார்த்திருக்கிறார்கள். டப்ளினில் பிறந்த டியான் பூசிகோவின் ‘ஷாக்ரான்’ 1874 நவம்பரில் நியூயார்க்கில் அரங்கேறியது. அடுத்த ஆண்டே லண்டனிலும் வெற்றிநடை போட்டது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக 1867இல் எழுந்த ஃபீனியன் கிளர்ச்சியின் சூடு அப்போது ஆறியிருக்கவில்லை.

கதையின் கலகக்காரன் ராபர்ட், நிலவுடைமைக் குடும்பத்துப் பிள்ளை. ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்டுத் தப்பி வருகிறான். உண்மையான ஃபீனியன்கள் யார்? தையல்காரர்கள், செருப்புத் தைப்பவர்கள், கொத்தனார்கள், கடைச் சிப்பந்திகள். மேடைக்கு வந்ததும் அவர்கள் கையிலிருந்த கலகம் கனவானின் சொத்தாகிவிடுகிறது.

ஏழைக்கும் வேடம் உண்டு. கொன் என்ற ஊர்சுற்றி. பிடில் வாசிப்பவன், திருட்டு வேட்டைக்காரன், குடிகாரன். பூசிகோவே அந்த வேடத்தில் நடித்தார். ஆங்கில மேடை அதுவரை காட்டிய அசட்டு ஐரிஷ்காரனைவிடக் கொன் எவ்வளவோ மேல். நாடகத்திலேயே புத்திசாலி அவன்தான். ஆனால் அந்தப் புத்தி முழுக்க ராபர்ட்டைக் காப்பாற்றவே செலவாகிறது. தோட்டா அவன்மீது பாய்கிறது. செத்ததாக எண்ணி ஊர் கூடி ஒப்பாரி வைக்க, பிணமாகக் கிடப்பவன் துக்க வீட்டுச் சாராயத்தைக் களவாகக் குடிக்கிறான். அரங்கம் சிரிக்கிறது. ராபர்ட்டின் சாவை வைத்து இப்படிச் சிரிக்க வைத்திருப்பாரா என்று கேட்டுப் பாருங்கள்.

காட்டிக்கொடுக்கும் ஹார்வி டஃப், போலீஸ் உளவாளி. சூழ்ச்சிக்காரன் கிஞ்செலா, புதுப்பணக்கார ஐரிஷ் நிலக்காரன். ஆங்கிலேயக் கேப்டனோ கண்ணியவான், காதலன். முடிவில் அரசியின் மன்னிப்பு வருகிறது. ஆக, பேரரசின் மீது ஒரு குற்றமும் இல்லை! அடித்தட்டிலிருந்து வருபவன் விசுவாசியாக இருக்கலாம். சொந்தக் கோபம் உள்ளவனாக இருக்கக் கூடாது.

பூசிகோவைக் கோழை என்று நான் சொல்ல மாட்டேன். சிறையிலிருந்த ஃபீனியன்களை விடுவிக்கக் கோரி, 1876 ஜனவரியில் பிரதமர் டிஸ்ரேலிக்கு வெளிப்படையாகவே கடிதம் எழுதியவர். மன்னிப்பு வரவில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் ஆறு ஃபீனியன் கைதிகள் ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டிலிலிருந்து ‘கேட்டல்பா’ என்ற திமிங்கல வேட்டைக் கப்பலில் தப்பிப் போனார்கள்.

நாடகம் அத்தோடு முடியவில்லை. 1880களின் தொடக்கத்தில் அயர்லாந்தின் குத்தகை விவசாயிகள் நிலவுடைமையாளர்களை எதிர்த்து எழுந்தார்கள். வெளியேற்ற உத்தரவோடு போலீஸ் வந்தால், ‘ஹார்வி டஃப்’ என்ற மெட்டைச் சீழ்க்கையடித்து வெறுப்பேற்றினார்கள். ராபர்ட்டின் பெயரையோ கேப்டனின் பெயரையோ அவர்கள் எடுக்கவில்லை. உளவாளியின் பெயரைத்தான் எடுத்துச் சீருடைக்காரனுக்குச் சூட்டினார்கள். சீழ்க்கையடித்த குற்றத்துக்குக் கைது செய்யும் அளவுக்கு அரசுக்கு அது உறைத்தது.