பக்கத்து ஊர்தானே?

திண்டிவனத்திலிருந்து மேல்மருவத்தூர், சென்னை நெடுஞ்சாலையில் சுமார் 30 கிலோமீட்டர். "அரை மணி நேரம்தானே, இதுக்கு என்ன பிளான்?"னு கேப்பீங்க. பக்கத்து ஊர்னு நினைக்கும்போதுதான் சீட் பெல்ட்டை மறக்கிறோம்.

கிளம்பும் முன் 10 நிமிடம் ஒதுக்குங்க. டயரில் காற்று, பிரேக் லைட் பாருங்க. உரிமம், ஆர்.சி., இன்சூரன்ஸ் டிஜிலாக்கரில் இருந்தால் சட்டப்படி செல்லும். வழியில் ஆத்தூர் சுங்கச்சாவடி உண்டு. ஃபாஸ்டாக் இல்லையென்றால் கட்டணம் கூடும். பின்சீட்டுக்காரருக்கும் பெல்ட் கட்டாயம்.

திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிட்டா, எதிர்த்திசையில் மட்டும் வராதீங்க. அடுத்த யூ டர்ன் வரை போங்க. சில நிமிடம்தான் கூடும்.

பக்கத்தில் இருப்பவர் கிலோமீட்டர் கல்லைக் கவனிச்சுட்டே வரட்டும். வண்டி பழுதானால் 1033, அடிபட்டால் 108. "எங்கே இருக்கீங்க?" என்றுதான் கேட்பார்கள். கல்லில் உள்ள எண்ணைச் சொன்னால் ஆம்புலன்ஸ் தேடி அலையாது. 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், முதல் 48 மணி நேர சிகிச்சை நிர்ணயித்த வரம்புக்குள் இலவசம். 2021-ல் அத்திட்டம் தொடங்கியதும் இதே மேல்மருவத்தூரில்தான்.

இரண்டு எண்களையும் இப்பவே போனில் சேமிச்சுடுங்க. நல்லபடியா போயிட்டு வாங்க!