கீழாநெல்லியும் கல்லீரலும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

மின்னி பே வாழ் தமிழர் கூடும் இவ்விழாவில் உடல்நலம் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் பணித்தார். யான் மருத்துவன் அல்லன். பத்தாம் வகுப்புத் தேறிய இரயில்வே எழுத்தன். தண்டவாளமே இல்லாத தீவில் இரயில்வே எழுத்தனுக்கு என்ன வேலை என்று நகைப்போர் உண்டு. சென்னையிலோ கொல்கத்தாவிலோ இறங்கியபின் ஏறவேண்டிய வண்டிக்கு இங்கேயே இடம் பதிவு செய்து கொடுப்பது என் தொழில். வைத்தியத்திற்காகத் தாயகம் செல்வோரும் என் சாளரத்திற்கு வருகின்றனர். அவர்களுள் கண் மஞ்சளித்தவரைக் கண்டால், "எத்தனை நாளாக?" என்று வினவுவேன். "ஒரு மாதமாயிற்று, கீழாநெல்லி கொடுத்துப் பார்த்தோம்" என்பதே பலரும் கூறும் விடை. அந்த ஒரு மாதத்தைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

நம் முன்னோர் மூலிகையைப் போற்றியது வீணன்று. பழத்திற்கும் பூவிற்கும் இலைக்கும் நிறமும் துவர்ப்பும் கொடுக்கும் பொருள்களுள் ஒரு பெருங்கூட்டத்திற்குப் பிளேவனாய்டு என்று பெயர். இலத்தீன் மொழியில் மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்தது அப்பெயர். வெங்காயத்திலும் முருங்கைக்கீரையிலும் குவர்செட்டின், நாரத்தை, ஆரஞ்சு இனத்தில் எஸ்பெரிடின், தேயிலையில் கேட்டசின், நாவற்பழத்தில் ஆந்தோசயனின் என அவை பல வகைப்படும். நோபல் பரிசு பெற்ற அங்கேரிய அறிஞர் சென்ட்-கியோர்கி 1936-ஆம் ஆண்டில் இவற்றை ஒரு வைட்டமினாகவே கருதி, 'பி' என்னும் எழுத்தால் பெயரிட்டார். இவையின்றியும் உயிர் வாழலாம் என்பது பின்னர்த் தெளிந்தமையால் அப்பெயர் கைவிடப்பட்டது.

இவை கல்லீரலைக் காக்குமா? சோதனைச் சாலையில், நஞ்சூட்டிய எலிகளின் கல்லீரற் சிதைவைப் பல இலைச்சாறுகள் குறைத்துள்ளன. ஐரோப்பாவில் பால் நெருஞ்சில் எனப்படும் செடியின் விதையிலிருந்து எடுத்த சிலிபினின், கொடிய நச்சுக் காளானை உண்டவர்க்கு ஊசி வழியே செலுத்தப்படுகிறது. ஆயின் எலிக்கு நன்மை செய்ததெல்லாம் மனிதனுக்கும் அவ்வாறே செய்யும் என்பதற்கில்லை.

இதற்குச் சிறந்த சான்று நம் கீழாநெல்லியே. இதிற் பிளேவனாய்டும், அதனோடு வேறு பல சத்துகளும் உள்ளன. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியாகராசன், மஞ்சட்காமாலைக் கிருமி 'பி'யைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க் முதலியோருடன் இணைந்து, அக்கிருமியை நெடுநாள் உடலிற் கொண்டிருந்தோர்க்கு முப்பது நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்து ஆராய்ந்தார். 1988-இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளிவந்தது. பொடி உண்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்தது; வெற்றுப் பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. உலகமே வியந்தது. ஆயினும் பின்னர்த் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்த ஆய்வுகளில் அப்பயன் காணப்படவில்லை. நம் மூலிகை மீது நமக்குப் பற்று உண்டு. பற்று வேறு, சான்று வேறு.

பெரியோர்களே! மஞ்சட்காமாலை ஒரு நோயன்று, பல நோய்களின் அறிகுறி. தூய்மையற்ற நீரால் வரும் காமாலை பெரும்பாலும் ஓய்வினாலேயே தணியும். அதில் கீழாநெல்லி நற்பெயர் எடுத்துக்கொள்கிறது. கிருமி 'பி' அத்தகையதன்று. ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருந்து கல்லீரலைச் சுருக்கும். நிக்கோபார் மக்களிடையே ஐவரில் ஒருவர்க்கு மேல் இக்கிருமி இருந்ததை இங்குள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தார் கண்டனர். தடுப்பூசி உண்டு, குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் ஊசி போடவேண்டும்.

எலிக்காய்ச்சலும் கண்ணை மஞ்சளாக்கும். 1931-லேயே டெய்லர், கோயல் என்போர் இத்தீவுகளில் அந்நோய் பரவியிருந்ததை நூலாக எழுதினர். 1988 முதல் மழைக்காலத்தை ஒட்டி வட அந்தமானில் பலரைத் தாக்கிய இனம் புரியாத குருதிக் காய்ச்சலும் இதுவே எனத் தொண்ணூறுகளில் தெளிந்தது. வயலிலும் சேற்றிலும் வேலை செய்வோர்க்குக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால், அன்றே மருத்துவமனை செல்லவேண்டும். உரிய மருந்து காலத்தே கிடைத்தால் பிழைக்கலாம். அங்கே ஒரு மாதம் இல்லை. சில நாள்களே உண்டு.

கல்லீரல் கெட்டால் மூளையும் கெடும். கல்லீரல் வடிகட்ட வேண்டிய அம்மோனியா குருதியிற் தேங்கி மூளையை எட்டும். பகலில் உறக்கம், பேச்சிற் குழறல், கைந்நடுக்கம் தோன்றும். "பேய் பிடித்தது" என்று விட்டுவிடலாகாது.

மூளைக்குப் பிளேவனாய்டு உதவுமா? அமெரிக்காவில் ஏறத்தாழ 77,000 பேரை இருபது ஆண்டுகளுக்கு மேல் கவனித்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், இச்சத்து மிகுந்த உணவு உண்டோரிடம் மறதித் தொல்லை ஐந்தில் ஒரு பங்கு குறைவாயிருந்தது. காய்கனி உண்போர் வேறு நல்ல பழக்கமும் உடையவராதலின், காரணம் இதுவே என உறுதி கூறல் அரிது. 2023-இல் வெளிவந்த கொக்கோச் சத்து ஆய்வில், முன்பு குறைவாக உண்டு வந்தோர்க்கே நினைவாற்றல் சிறிது தேறியது. உணவிலேயே குறை வையாதிருத்தல் நலம் என்பதே இதனால் நாம் கொள்ளும் பாடம்.

இதற்காகப் புட்டி மருந்து வாங்கவேண்டா. பசுந்தேயிலைச் சாறு மிகுந்த அளவில் மாத்திரையாக உண்டால் கல்லீரலையே தாக்கலாம் என 2018-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு எச்சரித்தது. சீந்தில் உண்ட சிலர்க்குக் கல்லீரல் பழுதானதை மும்பை மருத்துவர்கள் 2021-இல் வெளியிட்டனர். இலைதானே என்று அளவின்றி உண்பது தீங்கு.

நாம் செய்யக்கூடியவை எளியவை. வெங்காயத்தின் மேற்புறச் சதையிற் சத்து மிகுதி; ஆதலின் காய்ந்த தோலை மட்டும் உரியுங்கள். கீரை வேகவைத்த நீரைக் கொட்டாது குழம்பிற் சேருங்கள். சோற்றோடு தேநீர் பருகாதீர்கள். இரும்புச்சத்து உடலிற் சேர்வதை அது தடுக்கும். கல்லீரலைக் காப்பவை எல்லாவற்றினும் முதன்மையானது மதுவை விலக்குதல்.

கீழாநெல்லியை வெறுக்கச் சொல்லவில்லை. முதலிற் குருதியைச் சோதியுங்கள் என்றே வேண்டுகிறேன். எவரேனும் கண் மஞ்சளித்து நின்றால், "என்ன கொடுத்தீர்கள்?" என்று கேட்பதற்கு முன், "சோதித்தீர்களா?" என்று கேளுங்கள். ஒரு சொல் ஓர் உயிரைக் காக்கும்.

சங்கம் வாழ்க, தமிழ் வளர்க!