மலையூரில் விருந்தினர்



தில்லியில் மே மாதம் பிறந்துவிட்டால் அலுவலகங்களில் இரண்டே பேச்சுத்தான் நடைபெறும். ஒன்று வெயில், மற்றொன்று விடுப்பு. மத்திய அரசு ஊழியர்களுக்குரிய விடுப்புப் பயணச் சலுகையை எந்த மலைக்குச் செலவிடுவது என்பதே கேள்வி. நைனிதால் என்பார் ஒருவர். மசூரி என்பார் மற்றொருவர். நம் போன்ற தமிழ்க் குடும்பத்தினருக்கோ ஊருக்குச் சென்று பெற்றோரைக் காணவும் வேண்டும். அப்படியே ஒரு மலையையும் காண வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே நிறைவேறத் தக்க இடம் மூணாறு. சென்ற ஆண்டு குடும்பத்துடன் அங்கே சென்று வந்தோம். அங்கே எவ்வாறு செல்வது, சென்றபின் எவ்வாறு நடமாடுவது என்பது பற்றிச் சில கூற விரும்புகிறோம். அவற்றுள் முக்கியமான ஒன்று நாங்கள் செய்த பிழையிலிருந்து கற்றது என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

மூணாறு கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ளது. முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடுமிடமாதலின் அப்பெயர் பெற்றது. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். ஊரைச் சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். அவற்றுக்கு அப்பால் சோலைக்காடுகளும் புல்வெளிகளும். அந்தப் புல்வெளியில் 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இரவிகுளம் தேசியப் பூங்கா அமைந்திருக்கிறது. 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமாகிய ஆனைமுடி, 2,695 மீட்டர் உயரத்துடன், அதன் எல்லையிலேயே நிற்கிறது.

தில்லியிலிருந்து செல்வோர் ஹஸ்ரத் நிஜாமுதீன் நிலையத்தில் ரயிலேறி மதுரையில் இறங்கலாம். மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு ரயில் உண்டு. 2010ஆம் ஆண்டின் இறுதியில் மீட்டர்கேஜ் வண்டி நின்றுபோன அந்தத் தடத்தில், 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் அகலப்பாதை ரயில் மீண்டும் போடியை அடைந்தது. போடியிலிருந்து பேருந்திலோ வாடகைக் காரிலோ மலையேற வேண்டும். போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். அதற்கப்பால் ஏலக்காய்த் தோட்டங்கள். பூப்பாறை கடந்தால் தேயிலை. உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாகவும் ஒரு பாதை உண்டு. அது காட்டு விலங்குகள் குறுக்கிடும் பாதை. பகலிலேயே கடந்துவிடுவது நல்லது.

ஊரை அடைந்ததும் நமக்கு ஏற்படும் முதல் வியப்பு, காதில் விழும் மொழி. கடைத்தெருவில் மலையாளமும் தமிழும் கலந்தே ஒலிக்கின்றன. தேயிலைத் தோட்டங்களில் உழைப்போருள் பெரும்பாலோர் தமிழர். பல தலைமுறைகளுக்கு முன் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரைப் பக்கத்திலிருந்தும் மலையேறி வந்தவர்களின் வழித்தோன்றல்கள். பூங்காவை அடுத்து வாழும் முதுவர் என்னும் பழங்குடியினரோ, தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து பிள்ளைகளை முதுகில் சுமந்து வந்தவர்கள் என்று கதை சொல்வர். கடைத்தெரு சிறியது. ஆற்றுப்பாலம், மார்க்கெட், கோயில், மாதா கோயில், பள்ளிவாசல் அனைத்தையும் நடந்தே பார்த்துவிடலாம். நடப்பதற்குக் கூசாதவருக்கு மூணாறு ஓர் எளிய ஊர். வண்டியை விட்டிறங்க மனமில்லாதவருக்கு அதுவே கடினமான ஊர்.

இனிப் பூங்காவைப் பற்றிச் சொல்வோம். அங்கே எங்கு வேண்டுமானாலும் திரியலாம் என்று எண்ணுதல் தவறு. ராஜமலைப் பகுதி மட்டுமே பார்வையாளருக்குத் திறக்கப்பட்டுள்ளது. உடுமலைச் சாலையிலுள்ள நுழைவாயிலோடு சொந்த வண்டிகள் நின்றுவிட வேண்டும். அங்கிருந்து வனத்துறையின் பேருந்துகள் மேலே ஏற்றிச் செல்கின்றன. இறங்கியபின் சிறிது தொலைவு மலைச்சாலையில் நடக்கலாம். வரையாடுகள் பாறைச்சரிவில் மேய்ந்துகொண்டிருக்கும். சில வேளை சாலைக்கே இறங்கி வந்து நம்மைப் பொருட்படுத்தாமல் புல் கடிக்கும். தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய இவ்வரையாடு, உலகிலேயே மிகுதியான எண்ணிக்கையில் ஒருங்கே வாழுமிடம் இதுதான். அதைத் தொடுவதோ, தின்பண்டம் நீட்டுவதோ கூடாது. அது குட்டி ஈனும் காலமாகிய பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் பூங்காவின் வாயில் அடைக்கப்படுவது வழக்கம். பிரசவம் நடக்கும் வீட்டில் அயலார் நுழையலாகாது என்பது நம் வீட்டிலும் உள்ள வழக்கந்தானே! நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. கடைசியாக 2018இல் பூத்தது. அடுத்த பூப்பைக் காண விரும்புவோர் 2030 வரை காத்திருத்தல் வேண்டும்.

இப்போது எங்கள் பிழைக்கு வருவோம். போடியிலிருந்து ஒரு காரை நான்கு நாட்களுக்கு அமர்த்திக்கொண்டிருந்தோம். ராஜமலையிலிருந்து ஊருக்குத் திரும்பும் மாலை நேரம். ஒரு வளைவில் தேயிலைச் சரிவின்மேல் மூடுபனி இறங்கும் அழகைக் கண்டு, வண்டியை நிறுத்தச் சொன்னோம். ஓட்டுநர் தயங்கினார். “ஐந்து நிமிடந்தானே” என்றோம். எங்களைக் கண்டு எதிர்ப்புறம் வந்த மற்றொரு சுற்றுலா வண்டியும் நின்றது. இரண்டுக்கும் இடையில் ஒரு பேருந்து புகுந்து நின்றுவிட்டது. அதன்பின் முன்னே போகவும் வழியில்லை. பின்னே போகவும் வழியில்லை. இருபுறமும் வண்டிகள் வரிசையாகச் சேர்ந்தன. தூறலும் தொடங்கிற்று. ஐந்து நிமிடம் முக்கால் மணி நேரமாயிற்று.

அந்தப் பேருந்தில் இருந்தவர்கள் உல்லாசப் பிரயாணிகள் அல்லர். வேலை முடிந்து வீடு திரும்பும் தோட்டத் தொழிலாளர்கள். ஒருவர் பின் ஒருவராக இறங்கித் தலைமேல் சாக்கைப் போட்டுக்கொண்டு நடக்கலாயினர். அவர்களில் ஒரு மூதாட்டி, உறங்கும் சிறுமியைத் தோளில் சாய்த்தவாறு எங்கள் அருகே வந்து நின்றார். அவர் ஏசியிருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “தம்பி, மலை எங்கேயும் போய்விடாது. நல்லாப் பாருங்க. வண்டியை மட்டும் கொஞ்சம் ஓரமாப் போட்டிருக்கலாம். பிள்ளைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருக்கேன்” என்றார். எங்கள் மனைவியார் குடையை அவர் கையில் கொடுத்துவிட்டு, வேறு சொல்ல இயலாமல் நின்றார். வழி திறந்ததும் அவர்களை எங்கள் காரிலேயே ஏற்றி ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டோம். குழந்தை நலமடைந்தாள் என்று மறுநாள் தெரிந்துகொண்ட பின்னரே எங்களுக்கு மூச்சு வந்தது.

மலைப்பாதை ஒன்றே ஒன்று என்பதை அன்று உணர்ந்தோம். சமவெளியில் ஒரு தெரு அடைபட்டால் மறு தெரு உண்டு. மலையில் பள்ளிக்கூடத்துக்கும், ரேஷன் கடைக்கும், மருத்துவமனைக்கும், மயானத்துக்கும் அதே பாதைதான். 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, ராஜமலைக்கு அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து, தொழிலாளர் குடியிருப்பு வரிசைகள் மண்ணில் புதைந்தன. 70 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். அந்த இரவின் செய்தி மறுநாள் காலையில்தான் வெளியுலகுக்கு எட்டியது. பாதை என்பது அம்மக்களுக்கு எத்தகைய உயிர்நாடி என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஜூன் முதல் ஆகஸ்டு வரை பெருமழைக் காலத்தில் மூணாற்றுப் பயணத்தைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

மறுநாள் காரை விடுதியிலேயே நிறுத்திவிட்டு, டாப் ஸ்டேஷனுக்குப் பேருந்தில் சென்றோம். சுமார் 32 கிலோமீட்டர். 1902இல் இத்தடத்தில் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடிற்று. 1908இல் அது இரண்டடி அகல ரயிலாக மாறிற்று. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தமிழ்நாட்டுப் பக்கமுள்ள கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்குச் சென்றன. 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த ரயிலையே அடித்துக்கொண்டு போய்விட்டது. இவ்வரலாற்றை நூலில் படித்திருந்தோம். ஆனால் அந்தச் சரிவின் விளிம்பில் நின்று, பக்கத்து இருக்கையில் வந்த பெரியவர் கீழே கொட்டகுடி இருக்கும் திசையைச் சுட்டிக்காட்டியபோதுதான் அது விளங்கிற்று. காரில் சென்றிருந்தால் அப்பெரியவர் எங்களுக்குக் கிடைத்திருக்கமாட்டார்.

ஆகவே, செல்வோர் சில நெறிகளை மேற்கொள்ளலாம். நீண்ட விடுமுறை நாட்களை விலக்கி, வார நடுவில் செல்லுங்கள். பூங்காவின் அனுமதிச் சீட்டை முன்னதாகவே பெற்று, காலையிலேயே போய்விடுங்கள். ஊருக்குள் நடங்கள், தொலைவுக்குப் பேருந்தோ, பலர் சேர்ந்து செல்லும் ஜீப்போ போதும். வண்டி வைத்திருந்தால், நிறுத்துமிடம் கண்டபின்னரே நிறுத்துங்கள். வளைவில் நிறுத்தச் சொல்லி ஓட்டுநரை வற்புறுத்தாதீர்கள். கம்பளியும் குடையும் கொண்டு செல்லுங்கள். பிளாஸ்டிக்கைக் கொண்டு செல்லாதீர்கள்.

மொழிபெயர்ப்பதே நம் தொழில். கோப்புகளில் வரும் ‘டூரிஸ்ட்’ என்னும் சொல்லுக்குச் சுற்றுலாப் பயணி என்று எழுதிப் பழகிய கை இது. மூணாற்றிலிருந்து திரும்பியபின் அதற்கு இன்னும் நல்ல சொல் நம் மொழியில் முன்பே இருப்பதாகத் தோன்றுகிறது. விருந்து என்றால் பழந்தமிழில் புதுமை என்பது பொருள். புதிதாக வந்தவரே விருந்தினர். அவர் வந்த வீட்டின் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பதில்லை. அடுத்த விடுப்பில் மலைக்குச் செல்லும் நேயர்கள், அவ்வூரார் மீண்டும் வருக என்று மனமார அழைக்கும் வண்ணம் சென்று வருவார்களாக.