சிக்கனமாய்ச் சிங்கப்பூர் பார்த்து வருவோம்



பள்ளி விடுமுறை நெருங்கும்போது நம் தோட்டத்து வீடுகளில் ஒரு பேச்சு எழும். "இந்தா, பாலத்துக்கு அந்தப் பக்கந்தானே சிங்கப்பூர்! பிள்ளைகளை ஒரு நாளாவது கூட்டிக்கொண்டு போகக் கூடாதா?" என்று வீட்டம்மா கேட்பார். "நம்ம சம்பளத்துக்கு அதெல்லாம் எட்டுமா?" என்று வீட்டுக்காரர் சொல்வார். பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

வீட்டுக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 1973ஆம் ஆண்டு மே மாதம் வரை நம் நாட்டு வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்றுக்கொன்று சமமாக மாறின. பெரியவர்களுக்கு அது நினைவிருக்கும். இன்றோ ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்க வேண்டும். அங்கே நான்கு வெள்ளிக்கு ஒரு தட்டுச் சோறு வாங்கினால், நம் கணக்கில் பன்னிரண்டு ரிங்கிட்டைத் தாண்டிவிடுகிறது. ஆனாலும் முன்கூட்டியே திட்டமிட்டால் நம்மைப் போன்ற குடும்பங்களும் அந்த நகரைப் பார்த்துவிட்டுக் கடன் இல்லாமல் வீடு திரும்பலாம். சென்ற விடுமுறையில் பாட்டி, பிள்ளைகள் உட்பட ஆறு பேர் போய்வந்த அனுபவத்தை வைத்தே நாங்கள் இன்று பேசுகிறோம்.

முதலில் பத்திரங்கள். சிங்கப்பூருக்குள் நுழைய அடையாள அட்டை போதாது. கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடப்பிதழ் வேண்டும். அது இன்னும் ஆறு மாதங்களுக்காவது செல்லுபடியாவதாக இருக்க வேண்டும். சிங்கப்பூர் வருகை அட்டையை, போய்ச்சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள், கைத்தொலைபேசி வழியாகவே நிரப்பி அனுப்பிவிட வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. காசு கேட்கும் இணையத்தளமோ இடைத்தரகரோ குறுக்கிட்டால் நம்ப வேண்டாம். படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் பத்து நிமிடத்தில் நிரப்பிக் கொடுத்துவிடும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்களோடு வர ஆசைப்பட்ட உறவுக்காரப் பிள்ளை ஒருவன் கடைசியில் வர இயலவில்லை. பிறந்தபோது பதியாமல் விட்டதால் அவனுக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. பிறப்புப் பத்திரம் இல்லாததால் அடையாள அட்டை இல்லை. அடையாள அட்டை இல்லாததால் கடப்பிதழும் இல்லை. மற்ற பிள்ளைகள் பேருந்தில் ஏறும்போது அவன் லயத்து வாசலில் நின்று கையசைத்தான். இப்படிப்பட்ட பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இன்றே தேசியப் பதிவுத் துறை அலுவலகத்துக்குப் போய் விசாரியுங்கள். சிங்கப்பூர் பார்ப்பது இருக்கட்டும்; அவன் படிப்புக்கும் வேலைக்கும் அந்தத் தாள்தான் வாசற்படி.

அடுத்து, பையில் என்ன இருக்கலாம், என்ன இருக்கக் கூடாது என்பதைப் பார்ப்போம். சிங்கப்பூரில் சூயிங்கம் விற்பனைக்காகக் கொண்டுவருவது 1992ஆம் ஆண்டிலிருந்து தடை செய்யப்பட்டிருக்கிறது. நம் பையிலும் அது வேண்டாம். மின்சிகரெட் வைத்திருப்பதே அங்கே குற்றம். சாதாரண சிகரெட்டுக்குத் தீர்வைச் சலுகை கிடையாது. ஒன்றிரண்டு வைத்திருந்தாலும் அதிகாரியிடம் சொல்லித் தீர்வை கட்ட வேண்டும். மெல்லும் புகையிலைக்கும் தடை உண்டு. வெற்றிலை போடும் பாட்டிமார் இதைக் கவனிக்க வேண்டும். எங்கள் பாட்டியின் சுருக்குப்பையை ஜொகூர் பாருவிலேயே அவிழ்த்துப் பார்த்தோம். வெற்றிலைக்குள் ஒரு துண்டுப் புகையிலை மடித்து வைக்கப்பட்டிருந்தது! "ஒரு நாளைக்கு இது இல்லாம இருந்தா செத்தா போயிருவேன்?" என்று சிரித்துக்கொண்டே அதை எடுத்து எறிந்தார் பாட்டி.

இவையெல்லாம் அபராதத்தோடு போகிற விஷயங்கள். உயிர் போகிற விஷயம் ஒன்று உண்டு. முன்பின் அறியாதவரோ, அறிந்தவரோ, "இந்தப் பொட்டலத்தை அந்தப் பக்கம் ஒருவரிடம் கொடுத்துவிடு, செலவுக்குப் பணம் தருகிறேன்" என்று சொன்னால் கையாலும் தொடக் கூடாது. தூய ஹெராயின் 15 கிராமுக்கு மேல் கடத்தினால் சிங்கப்பூர்ச் சட்டத்தில் மரண தண்டனை உண்டு. 15 கிராம் என்பது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை அளவு. நம் நாட்டு இந்திய இளைஞர்கள் சிலர் இவ்வாறு தூக்குமேடை ஏறியிருக்கிறார்கள். வறுமையில் பிறந்த பிள்ளைகளைத்தான் இந்தக் கூட்டம் தேடி வருகிறது. வீட்டில் வளர்ந்த பிள்ளை இருந்தால் இதைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

இனிப் பயணம். ஜொகூர் பாரு லார்கின் பேருந்து நிலையத்திலிருந்து 170ஆம் எண் பேருந்து சிங்கப்பூர்க் குவீன் ஸ்திரீட் வரை போகிறது. வாடகைக் காரோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு. வழியில் இரண்டு முறை, நம் நாட்டுச் சாவடியிலும் உட்லண்ட்ஸ் சாவடியிலும், பைகளோடு இறங்கிச் சோதனையை முடித்துக்கொண்டு மறுபடி ஏற வேண்டும். நாம் வந்த பேருந்து நமக்காகக் காத்திருக்காது. அதே எண்ணுள்ள அடுத்த பேருந்தில் ஏறிக்கொள்ளலாம். ஆகையால் எந்தப் பொருளையும் இருக்கையில் விட்டுவிட்டு இறங்கக் கூடாது. ரொக்கம் கொடுத்துச் சீட்டு வாங்கியிருந்தால் அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஆறு பேரும் ஒருவரையொருவர் தவறவிட்டால் எங்கே நிற்பது என்பதையும் முன்பே பேசி வைத்துக்கொண்டோம்.

நாம் கடக்கும் கடற்பாலம் ஒரு கிலோமீட்டரைவிடச் சற்றே நீளமானது. 1924இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. தூரம் சிறிது, நெரிசல் பெரிது. வெள்ளிக்கிழமை மாலையும், ஞாயிறு மாலையும், விடுமுறைத் தொடக்கமும் மணிக்கணக்கில் நிற்க வைத்துவிடும். வார நாளில், காலையில் வேலைக்குப் போவோர் கூட்டம் குறைந்த பிறகு கடப்பதே நல்லது.

குவீன் ஸ்திரீட்டில் இறங்கினால் லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போய்விடலாம். அவசரம் உள்ளவர்கள் நடுவழியில் கிராஞ்சியில் இறங்கிப் பெருவிரைவு ரயில் ஏறலாம். நியூட்டனில் தடம் மாறினால் அடுத்த நிலையமே லிட்டில் இந்தியா.

நகருக்குள் சுற்றப் பேருந்தும் ரயிலும் போதும். 1987இல் ஓடத் தொடங்கிய இந்த ரயிலில் ஒரு பயணத்துக்கான காகிதச் சீட்டு இப்போது விற்பதில்லை. ஒவ்வொருவரும் பணம் நிரப்பிய பயண அட்டை வைத்திருக்க வேண்டும். தொட்டுச் செலுத்தும் வங்கி அட்டையும் செல்லும். ஓர் அட்டையை இருவர் பகிர்ந்துகொள்ள முடியாது. 90 சென்டிமீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள குழந்தை, கட்டணம் செலுத்திய பெரியவரோடு இலவசமாகப் போகலாம். கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. பேருந்திலிருந்து ரயிலுக்கோ, ரயிலிலிருந்து பேருந்துக்கோ முக்கால் மணி நேரத்துக்குள் மாறினால் அது ஒரே பயணமாகக் கணக்கிடப்படும்.

பேருந்தில் ஏறும்போது அட்டையைத் தொடுவதுபோல் இறங்கும்போதும் தொட வேண்டும். எங்களில் ஒருவர் இரண்டு நிறுத்தம் போய்விட்டு, கூட்டத்தில் தொட மறந்து இறங்கினார். பேருந்து கடைசி நிறுத்தம்வரை போவதற்கான கட்டணத்தை அட்டை விழுங்கிவிட்டது. அந்தக் காசில் ஒரு தேநீர் குடித்திருக்கலாம் என்று அன்று முழுவதும் புலம்பினார்!

ரயிலுக்குள் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, அபராதம் உண்டு. குப்பை போட்டாலும், எச்சில் துப்பினாலும் அப்படியே. மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை. தமிழ் அங்கே நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று. ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையில் தமிழ் எழுத்தைக் கண்டதும் எங்கள் பாட்டி தாமே எழுத்துக்கூட்டிப் படித்தார்.

லிட்டில் இந்தியாவில் பொழுதைக் கழிக்கக் காசு தேவையில்லை. கால்களில் வலு இருந்தால் போதும். சிராங்கூன் சாலையின் தொடக்கத்திலேயே தேக்காச் சந்தை இருக்கிறது. கீழே காய்கறியும் மீனும், பக்கத்திலேயே உணவுக் கடைகளும், மேலே துணிக் கடைகளும். முற்காலத்தில் இங்கே மாட்டுப் பட்டிகள் இருந்தன. அதனால்தான் மலாயில் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம், என்று பெயர் வந்தது. அதே சாலையில் வீரமாகாளியம்மன் கோயிலும், சற்றுத் தள்ளிச் சீனிவாசப் பெருமாள் கோயிலும் இருக்கின்றன. தைப்பூசத்தன்று காவடிகள் பெருமாள் கோயிலிலிருந்துதான் புறப்பட்டு, டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குப் போகின்றன.

ஞாயிற்றுக்கிழமையில் அங்கே போனால் தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த கட்டுமானத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கூடியிருப்பார்கள். ஊருக்குப் பணம் அனுப்பவும், சொந்தக்காரனைப் பார்க்கவும் அவர்களுக்குக் கிடைத்த ஒரே நாள் அது. 2013 டிசம்பர் 8ஆம் நாள் இங்கே தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்ததும் கலவரம் மூண்டது. 2015இல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. சனிக்கிழமை காலை முதல் திங்கட்கிழமை காலை வரை இந்த வட்டாரத்தில் பொது இடத்தில் மது அருந்தக் கூடாது. ஆண்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

சாப்பாட்டுக்கு உணவங்காடி நிலையங்களே நமக்கு ஏற்றவை. சாப்பிட்டு முடித்ததும் தட்டை நாமே எடுத்து அதற்குரிய இடத்தில் வைக்க வேண்டும். 2021முதல் அதுவும் சட்டம். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். ஆளுக்கொரு போத்தல் கொண்டுபோனதால் தண்ணீருக்கு ஒரு காசும் செலவழிக்கவில்லை. காலைச் சாப்பாட்டுக்கு வீட்டிலிருந்தே புளிச்சோறு கட்டிக்கொண்டு போனோம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். பேருந்துக்கு, சாப்பாட்டுக்கு, பிள்ளைகளின் ஆசைக்கு, அவசரத்துக்கு என்று பணத்தை நான்கு உறைகளில் பிரித்து வைத்தோம். அவசர உறையைப் பிரிக்காமலே கொண்டுவந்தோம்.

இரவு தங்க வேண்டுமானால் லிட்டில் இந்தியாவிலேயே கட்டில் ஒன்றுக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கும் விடுதிகள் உண்டு. ஓர் அறையில் பலர் படுப்பார்கள். பெண்களுக்குத் தனி அறை உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். குடியிருப்பு வீடுகளைச் சில நாட்களுக்குப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவது அங்கே சட்டப்படி செல்லாது. மலிவாக இருக்கிறதே என்று யாரோ காட்டும் வீட்டுக்குப் போய்விட வேண்டாம். குடும்பத்தோடு போகிறவர்கள் காலையில் கடந்து இரவில் திரும்புவதே சிக்கனம்.

நேயர்களே, கட்டணமில்லாமல் பார்க்க அந்த நகரில் எவ்வளவோ உண்டு. கடலோரச் சிங்கச் சிலை, தேசிய நூலகம், கரையோரப் பூந்தோட்டத்தின் வெளிப்பகுதி எல்லாம் இலவசம். ஆனால் நம் மக்கள் தவறாமல் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அதுதான் பூமலை. லிட்டில் இந்தியாவிலிருந்து ரயிலில் மூன்றாவது நிலையம். 1859இல் தொடங்கிய தோட்டம். 2015இல் யுனெஸ்கோ அதை உலக மரபுடைமை இடமாக ஏற்றுக்கொண்டது. நுழைவதற்குக் கட்டணம் இல்லை. ஆர்க்கிட் பூந்தோட்டத்துக்கு மட்டுந்தான் சீட்டு.

நமக்கும் அதற்கும் என்ன உறவு? பிரேசில் நாட்டுக் காட்டிலிருந்து 1876இல் இலண்டனுக்குக் கொண்டுபோன ரப்பர் விதைகளில் முளைத்த கன்றுகள் இருபத்திரண்டு, அடுத்த ஆண்டு சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1888இல் பூமலையின் பொறுப்பை ஏற்ற ரிட்லி என்பவர், மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லச் சீவித் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் முறையை இங்கேதான் சோதித்துக் காட்டினார். காப்பி பயிரிட்ட தோட்டக்காரர்களிடம் ரப்பர் நடச் சொல்லி ஓயாமல் வற்புறுத்தியதால் அவரைக் கிறுக்கன் என்றே அழைத்தார்கள். 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் என்பவர் வணிகத்துக்காக ரப்பர் பயிரிட்டார். அதன் பிறகு காடுகள் தோட்டங்களாயின. அந்தத் தோட்டங்களுக்குத்தான் நம் பாட்டன் பூட்டன்மார் கப்பலேறி வந்தார்கள்.

பூமலைக்குள் இருக்கும் மரபுடைமை அரும்பொருளகத்திலும் கட்டணம் இல்லை. ரப்பரின் கதையை அங்கே காணலாம். எங்கள் பாட்டி முப்பது ஆண்டு விடியுமுன் எழுந்து, உளியும் வாளியுமாக மரம் வெட்டப் போனவர். சீவிய மரத்தின் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு பேரனை அழைத்து, வெட்டு எந்தக் கோணத்தில் இறங்க வேண்டும், உளி ஆழமாய்ப் போனால் மரம் எப்படிக் காயப்படும், மங்கை எங்கே வைக்க வேண்டும் என்று விரலால் காற்றிலேயே வரைந்து காட்டினார். பக்கத்தில் நின்ற வெளிநாட்டுப் பயணிகள் இருவரும் மொழி தெரியாமலே நின்று கவனித்தார்கள். பாட்டிக்கு இத்தனை தெரியும் என்பதைப் பேரன் அன்றுதான் அறிந்தான்.

இருட்டியதும் குவீன் ஸ்திரீட்டுக்கு வந்து பேருந்து ஏறினோம். கடைசிப் பேருந்துக்காகக் காத்திருக்காமல் இரண்டு மணி நேரம் முன்பே புறப்படுவது நல்லது. பாலத்தைக் கடக்கும்போது பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். பேரன் மட்டும் விழித்திருந்து பாட்டியிடம் மரத்தைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தான்.

ஆகவே, நேயர்களே, பத்திரங்களைச் சரிபாருங்கள், பையைச் சோதியுங்கள், பணத்தை உறைகளில் பிரியுங்கள், மாதம் ஐந்தோ பத்தோ சேர்த்து வையுங்கள். அடுத்த விடுமுறைக்குப் பிள்ளைகளோடு பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.