மெல்லிய குரல் எட்டும் தூரம்
(தோட்ட வாலிபர் ஒன்றுகூடலில் நலன்புரி உத்தியோகத்தர் நிகழ்த்திய பேச்சு)



எதிர்மலையில் கொழுந்தெடுக்கிற ஒருவரைக் கூப்பிட வேண்டும். காற்றும் ஓடைச் சத்தமும் குரலை அமுக்குது. அப்போது நாம் கதையை நீட்டமாட்டோம். பேரை மட்டும் இழுத்து, திரும்பத் திரும்பக் கூப்பிடுவோம். இதே உபாயத்தை ரேடியோவில் செய்து, உலகத்தின் மறுபக்கத்தைத் தொடுகிற ஆட்களைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறோம்.

இவர்களை அமெச்சூர் ரேடியோக்காரர் என்பார்கள். வியாபாரத்துக்கு அல்ல, படிப்புக்கும் விருப்பத்துக்குமே இதைச் செய்கிறார்கள். பரீட்சை பாஸ் பண்ணி, அனுமதிப்பத்திரமும் அழைப்புக் குறியும் பெற வேண்டும். இலங்கைக் குறிகள் பெரும்பாலும் 4எஸ்7 என்று தொடங்கும்.

சிற்றலை வானத்தின் அயன மண்டலத்தில் பட்டுத் திரும்பித் தூரதேசம் போகும். போகப் போக மெலிந்து, இரைச்சலில் மறைந்துவிடும். அதைக் கண்டெடுக்க வழி செய்தவர் அமெரிக்க விஞ்ஞானி ஜோ டெய்லர். நட்சத்திரங்களின் மெல்லிய ரேடியோ அலைகளை ஆராய்ந்து, 1993இல் ஹல்ஸ் என்பவரோடு பௌதிகவியல் நோபல் பரிசு பெற்றவர். 2001இல் அமெச்சூர்காரருக்காக ஒரு கொம்பியூட்டர் புரோகிராமை இலவசமாகக் கொடுத்தார். 2017இல் ஸ்டீவ் பிராங்க் என்பவரோடு சேர்ந்து எப்.ரி.8 முறையைக் கொண்டுவந்தார்.

அது எப்படி வேலை செய்யுது? பிரட்டுக் களத்தை நினைச்சுப் பாருங்க. கணக்கப்பிள்ளை கூப்பிடுகிற பேரில் பாதிதான் கேட்டாலும், யாரென்று நமக்கு விளங்கும். என்ன சொல்வார் என்று முன்கூட்டியே தெரியும். எப்.ரி.8இலும் செய்தி அளந்து வைத்தது: அழைப்புக் குறி, இருக்கிற இடம், கேட்கிற அளவு. அவ்வளவுதான். 15 செக்கனுக்கு ஒருவர் முறை. எட்டு விதமான தொனியில் செய்தி போகும். கூடவே பிழை திருத்தும் எண்களும் போகும். சில எழுத்து தொலைந்தாலும் கொம்பியூட்டர் சரிபண்ணும். இரைச்சல் நூறு மடங்கு கூடியிருந்தாலும் பிடித்துவிடும். 5 வாட் போதும், சின்ன பல்பு எரிகிற மின்சாரம். ஆனால் இரு பக்கத்துக் கடிகாரமும் ஒத்திருக்க வேண்டும்.

இதில் குறையும் உண்டு. மனம்விட்டுப் பேச முடியாது. ஆபத்து நேரத்தில் குரலும் மோர்ஸ் முறையுமே கைகொடுக்கும். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது, அந்தமானுக்குப் போயிருந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணியின் அமெச்சூர் குழு போர்ட் பிளேயரிலிருந்து செய்தி கொடுத்தது. நம்ம நாட்டு அமெச்சூர்காரரும் அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குத் தொடர்பு ஏற்படுத்தினார்கள்.

இதை ஏன் சொல்கிறோம்? 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதைந்ததை நாம் மறக்கவில்லை. அடைமழையில் பாதை அடைபட்டு, போனும் நின்றுபோனால், வெளியே சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நம்ம பிள்ளையாக ஏன் இருக்கக்கூடாது? கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் கைவிடாதீங்க. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சை விபரத்தைக் கேட்டுப் பெறுங்கள். அனுமதியில்லாமல் ஒலிபரப்புவது குற்றம், அதையும் ஞாபகம் வைங்க.

பெற்றோரே, பழைய ரேடியோவைக் கழற்றுகிற பிள்ளையை அடிக்காதீங்க. ஒரு திருப்புளி வாங்கிக் கொடுங்கள்.